பஞ்சுக்குச்சிக்கு அஞ்சும் பர்ட்விசில்

நெவில் பர்ட்விசில் கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடிப் பூட்டுகிறார். பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். சாவியைக் கோட்டின் உள்பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டு மீன் கடை வரைக்கும் போகிறார். அங்கே நின்று யோசனை. திரும்பி வந்து மறுபடி ஆட்டிப் பார்க்கிறார். பூட்டு பூட்டியபடியேதான் இருக்கிறது. அப்போதும் முகம் தெளியவில்லை.

"டேய் நெவில், நீ இழுக்கிற இழுப்புல அந்தப் பூட்டு என்னிக்காவது கையோட வரப்போவுது. வீட்டுக்குப் போடா!" என்று எதிர்க் கடையிலிருந்து ராய் கெர்ஷா கத்துகிறார். அவருக்குப் பாலாடைக்கட்டி வியாபாரம். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சு.

"எதுக்கும் இருக்கட்டும்ப்பா" என்கிறார் நெவில்.

ஆக்ரிங்டன் சந்தைக் கூடத்தில் நெவிலுக்குக் கடை. சாவி வெட்டுவார், பூட்டு விற்பார், தேய்ந்த பூட்ஸுக்குக் குதிகால் அடித்துக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் அவர் விற்ற பூட்டை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவருக்கு மட்டும் அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை. ஏணி என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், கால்வாயில் நீந்தும் அன்னப்பறவையைக் கண்டால் பாதையின் மறுபக்கம் போய்விடுவார். டாக்டர் "ஒண்ணுமில்லை" என்றால் அந்த ஒன்று என்னவாக இருக்கும் என்று வீடு வரைக்கும் கவலைப்பட்டுக்கொண்டே வருவார். மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு குடையும் பிடித்துப் போகிற மனிதர் யாரையாவது பிளாக்பர்ன் சாலையில் பார்த்தால் அது நெவில்தான்.

கேலி செய்கிறவர்களிடம் அவர் கோபித்துக்கொண்டதில்லை. பயப்படாமல் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்களைப் பார்த்து உள்ளூர ஆச்சரியப்படுவார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நெவில் ஆள் மாறிவிடுவார். அது அவருடைய குடும்பப் பெயர். கடைப் பலகையில் பெயரைப் படித்ததும் புது வாடிக்கையாளர்கள் தவறாமல் ஒரு விசில் அடிப்பார்கள். உலகத்தில் முதன்முதலாகத் தமக்குத்தான் அது தோன்றியது என்ற பெருமையும் அவர்கள் முகத்தில் இருக்கும். நெவில் இயந்திரத்தை நிறுத்துவார். விரலை உயர்த்துவார்.

"விசில் இல்லீங்க. பக்கத்துல ஆஸ்வால்ட்விசிலுக்குப் பஸ் ஏறிப் போறீங்களே, அங்க யாராச்சும் விசில் அடிச்சா ஊருக்குப் பேரு வெச்சாங்க? கடைசில நிக்குற 'ட்விசில்' பழைய காலத்துச் சொல்லு. ரெண்டு ஓடை கவை மாதிரி வந்து சேர்ற எடத்தை அப்படிச் சொல்லுவாங்க. முன்னால நிக்குற 'பர்ட்'டுக்குப் பறவைக்குஞ்சுன்னு அர்த்தம். பறவைக்குஞ்சுங்க அடையிற கூடுதுறை. அங்கேருந்து வந்தவங்க நாங்க."

எழுத்தைப் பற்றியும் அவரிடம் கதை உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் நடுவில் எச் போடுகிறவர்கள் உண்டு, போடாதவர்கள் உண்டு, ஐ-க்குப் பதில் யூ எழுதுகிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பாதிரியாரும் அவருடைய குமாஸ்தாவும்தான். அவர்கள் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார்கள். ஞானஸ்நானத்தில் ஒரு மாதிரி, கல்யாணத்தில் ஒரு மாதிரி, கல்லறையில் இன்னொரு மாதிரியாக ஒரே ஆளின் பெயர் இருக்கும். "வசதி வந்தவங்க எச் போட்டுக்கிட்டாங்க. எங்களுக்கு அந்த ஓரெழுத்துக்குக்கூட வக்கில்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு நெவில் தாமே சிரிப்பார். சாவி வாங்க வந்தவர் சாவியையும் மறந்து நின்று கேட்பார்.

பர்ட்விசில் என்று இப்போது ஊர் கிடையாது. பாடிஹம் போகும் வழியில் ஒரு மேய்ச்சல் நிலம், இடிந்த கல்சுவர், இரண்டு ஓடைகள், அவை சேருமிடத்தில் ஆல்டர் மரங்கள். அவ்வளவுதான். ஆனால் ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஜே ஜே என்று கூட்டம் கூடும். கனடா, ஆஸ்திரேலியா, பென்சில்வேனியா என்று போய்க் குடியேறிய பர்ட்விசில்கள் எல்லாம் விமானம் ஏறி வந்து அந்தச் சேற்றில் நிற்பார்கள். பர்ட்விசில் உறவுக் கூட்டம் என்று அதற்குப் பெயர். நெவில்தான் செயலாளர். பழைய பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று பெயரின் கதையைச் சொல்வார். மாடென்றால் நடுங்குகிறவர், அன்றைக்கு மட்டும் காளைக்கன்றுகளை ஹை ஹை என்று விரட்டிக்கொண்டு முன்னால் போவார்.

அந்தப் பேச்சில் ஆண்டு தவறாமல் வரும் பகுதி ஒன்று உண்டு. வந்தவர்களில் யாராவது, "இந்தப் பேர் இங்கேருந்துதானே வந்துச்சு, அப்ப சுத்துப்பட்டுல இருக்குற பண்ணைங்கள்ல ஏன் ஒருத்தருக்குமே இந்தப் பேர் இல்ல?" என்று கேட்பார்கள். நெவில் அதற்காகவே காத்திருப்பார்.

"ஒரு எடத்துலேயே இருக்கிறவனை அந்த எடத்துப் பேரைச் சொல்லி யாருங்க கூப்பிடுவா? இங்க இருந்தப்போ அவன் ஜான், இல்லாட்டி வில்லியம். பொழைக்க இன்னொரு ஊருக்குப் போனான். அங்க ஏற்கெனவே ஒரு ஜான் இருந்தான். அதனால இவனை 'பர்ட்விசில் ஜான்'னு கூப்பிட்டாங்க. பேரு அவனா வெச்சுக்கிட்டது இல்ல. அடுத்த ஊர்க்காரன் வெச்சது."

கைதட்டல் எழும். பிறகு உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட வெண்ணெய் பை என்ற பலகாரம், ஊறப்போட்ட சிவப்பு முட்டைக்கோஸ், பெரிய கெண்டியில் தேநீர்.

இவ்வளவு பற்று உள்ள மனிதருக்குள் அந்தப் பெயரைப் பற்றியே பெரும்பயம் ஒன்று குடியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. மனைவி டோரீனுக்கும் தெரியாது.

நெவிலின் அப்பா ஆஸ்பத்திரிப் படுக்கையில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது, நர்ஸ் வெளியே போகட்டும் என்று காத்திருந்து மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டேய், நாம அந்தப் பேருக்காரங்க இல்லடா. எங்க தாத்தாவோட அப்பா ஓடைக்கரைல கெடந்த பிள்ளை. நூல் கூடைல வெச்சு யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க. ஓடைதான் எல்லை. எந்த ஊரு எல்லைல பிள்ளை கெடக்குதோ அந்த ஊருதான் சோறு போட்டு வளக்கணும்னு அப்ப சட்டம். இந்தக் கரைல கெடந்த பிள்ளைக்கு இந்தக் கரை ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பர்ட்விசில்னு அந்தக் கரை ஊரோட பேரை வெச்சுட்டாங்க. 'பேரைப் பாரு, உங்க ஊருப் பிள்ளைதான், தூக்கிட்டுப் போங்க'ன்னு தள்ளிவிட்டாங்க. அவங்களும் எடுத்துக்கல. கடைசில ஒரு நெசவுக்காரி தூக்கிட்டுப் போய் வளத்தா. அந்த வெரட்டுன பேருதான்டா நம்ம பேரு. யார்கிட்டயும் மூச்சு விடாத. வெளிய தெரிஞ்சா நம்மள ஒரு மனுஷனா மதிக்க மாட்டாங்க."

அப்பா அன்று மாலையே போய்விட்டார். அவர் விட்டுப்போன பயம் மகனிடம் தங்கிவிட்டது. அதற்கு முன்பே நெவிலுக்குக் குடும்பப் பெயர் என்றால் பிரியம். அதற்குப் பிறகு அந்தப் பிரியத்தோடு திகிலும் சேர்ந்துகொண்டது. உறவுக் கூட்டத்துக்குச் செயலாளராக ஆள் தேடியபோது முந்திக்கொண்டு கை தூக்கியதற்கும் அதுதான் காரணம். யாராவது பழைய விவகாரத்தைத் தோண்டினால் முதலில் தமக்குத் தெரிய வேண்டும். திருடன் தானே காவல் வேலைக்கு மனுப் போட்டது போலத்தான் அது. பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மேய்ச்சல் நிலத்தில் எல்லோரும் அவரைக் கட்டிக்கொண்டு "எங்க நெவில்" என்றார்கள். குழந்தை இல்லாத மனிதர். அவருக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் சொந்தபந்தம்.

போன வசந்த காலத்தில் கூட்டத்தின் தலைவி லோர்னா கணினித் திரையில் வந்தார். கனடாவில் ஹாமில்டன் நகரத்துக்காரர். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் எதிரே இருப்பவர்கள் முதுகு நிமிர்ந்துதான் உட்கார்வார்கள்.

"நெவில், இந்த வருஷம் ஒரு புது விஷயம் பண்ணப்போறோம். டி.என்.ஏ. சோதனை! கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சிய விட்டு ஒரு தடவு. அவ்வளவுதான். அப்பா வழியா மகனுக்கு வர்றதைப் பாக்குறதால ஆம்பளைங்க மட்டும் குடுத்தாப் போதும். யார் யாரு ஒரே வேர்னு பளிச்சுனு தெரிஞ்சிடும்."

நெவில் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "யாரு யாருக்கு என்ன வந்துச்சுன்னு... வெளிய சொல்லுவாங்களா?"

"நம்ம கூட்டத்துக்குள்ள எல்லாருக்கும் சொல்லுவோம். அதுல என்ன ஒளிவு மறைவு? அதுதானே சந்தோஷமே! என் தம்பிதான் மாட்டேன்னுட்டான். காரணமும் சொல்லல. கிடக்கிறான் விடுங்க. நீங்க இருக்கீங்களே. செயலாளர் குடுத்தா மத்தவங்க தானா வருவாங்க."

திரை அணைந்த பிறகும் நெவில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரங்களில் சந்தைக் கூடத்தில் அதிசயங்கள் நடந்தன. நெவில் வெட்டிய சாவி ஒன்று கதவைத் திறக்கவில்லை என்று திரும்பி வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. ஒரு பெண்மணியின் வலது பூட்ஸுக்கு இரண்டு குதிகாலும் இடது பூட்ஸுக்கு ஒன்றும் இல்லாமல் கொடுத்தனுப்பினார். ராய் பாலாடைக்கட்டி வெட்டும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"என்னடா ஆச்சு உனக்கு? மூஞ்சி மோர் மாதிரி வெளுத்துக் கெடக்கு."

"ராயி, ஒரு ஆளோட எச்சில வெச்சு அவன் பரம்பரையையே கண்டுபிடிச்சிடுவாங்களாமே, நெசமா?"

"நெசந்தான். எதாவது கொலைகிலை பண்ணிட்டியா?"

"இல்லப்பா."

"பின்ன என்ன? பண்றதுன்னா கையுறை போட்டுக்கோ" என்று சிரித்துவிட்டு ராய் போனார். நெவிலுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தப்பிக்க வழி தேடினார். காய்ச்சல் என்று படுத்துவிடலாம். ஆனால் அந்த நிலத்துக்குப் போகாத ஜூலை என்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. குச்சியைக் கன்னத்தில் தொடாமல் காற்றில் சுழற்றிவிட்டுக் கொடுக்கலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைக் கண்ணாடி முன்னால் காது குடையும் குச்சியை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். வாயை ஆவென்று பிளந்து, குச்சியை உள்ளே விட்டு, எதிலும் படாமல் சுற்றி எடுக்க வேண்டும். கை நடுங்கி எல்லாவற்றிலும் பட்டது. திரும்பினால் வாசலில் டோரீன்.

"என்ன மனுஷா பண்ற? காதுல விடுறதை வாயில விட்டுக்கிட்டு நிக்குற?"

நெவில் குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். டோரீனின் சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவள் அவள். முகத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

"வாயில கட்டியா? சொல்லு நெவில். சாப்பிடறதும் இல்ல, பேசறதும் இல்ல. புத்துநோயா? எங்கிட்ட மறைக்காத. எங்கண்ணன் இப்படித்தான் மறைச்சு மறைச்சுப் போய்ச் சேந்தான்."

அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. தம்முடைய பயத்தை நெவிலால் தாங்க முடியும், அது பழகியது. டோரீனின் பயத்தைப் பார்க்க முடியவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கூடை, ஓடை, அந்தக் கரைக்குத் தள்ளிவிட்ட பெயர், அப்பா பிடித்து இழுத்த சட்டை.

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"அடப்பாவி மனுஷா! இதுக்கா என்னை அழ வெச்ச? உனக்கு அந்தக் குடும்பத்து ரத்தம் இல்லேன்னா எனக்கு மட்டும் இருக்கா? கல்யாணத்தன்னிக்கு இந்தப் பேரைக் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். கல்யாணம் ஆனதுலேருந்து நானும் விசில் கேலிதான் கேட்டுக்கிட்டிருக்கேன். என்னை யாராவது கன்னத்துல குச்சி விட்டுப் பாத்தாங்களா?"

"நீ வேற, நான் வேற. நான் பெட்டி மேல ஏறி நின்னு 'நம்ம முன்னோர்'னு சொன்னவன். எல்லாரும் கைதட்டுனாங்க. இனிமே என்னை ஏமாத்துக்காரன்னுதான் பாப்பாங்க."

"அப்படின்னா குடுக்க மாட்டேன்னு சொல்லிடு."

"சொன்னா ஏன்னு கேப்பாங்களே!"

இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. அன்று முதல் அவளுக்கும் கொஞ்சம் பயம் ஒட்டிக்கொண்டது. அந்தக் கூட்டத்தை இழந்தால் மனிதர் என்னாவார் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஜூலை வந்தது. நல்ல தூறல். மேய்ச்சல் நிலத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். நெவில் மழைக்கோட்டும் குடையுமாக வந்து சேர்ந்தார். காளைக்கன்றுகள் மூலையில் நின்று பார்த்தன. அவர் அவற்றை விரட்டவில்லை, சுற்றிக்கொண்டு போனார். டோரீன் அதைக் கவனித்தாள்.

கூடாரத்தின் ஓரத்தில் மடக்கு மேஜை. அதில் வரிசையாகப் பஞ்சுக்குச்சிகளும் மூடி போட்ட சின்னக் குழாய்களும். பின்னால் லோர்னா, கையில் ரப்பர் கையுறையோடு.

"நெவில்! முதல்ல உங்க பேச்சு. அது முடிஞ்சதும் சோதனை. சாப்பாடு கடைசியிலதான். வாய் சுத்தமா இருக்கணும்ல!"

நெவில் பால்பெட்டி மேல் ஏறினார். விசில் பறந்தது. வழக்கமான சிரிப்பு. பறவைக்குஞ்சு, கூடுதுறை, எச் போட்டவர்கள், போடாதவர்கள் எல்லாம் ஒழுங்காகவே வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த ஒரு பெண் கை தூக்கி, சுற்றியுள்ள பண்ணைகளில் இந்தப் பெயர் ஏன் இல்லை என்று கேட்டாள். நெவில் வாயைத் திறந்தார்.

"பேரு அவனா வெச்சுக்கிட்டது இல்ல. அடுத்த ஊர்க்காரன்..."

அதற்கு மேல் குரல் வரவில்லை. ஆண்டாண்டாகத் தாம் சொல்லிவந்த வாக்கியத்தில் தம் குடும்பத்துக் கூடையும் இருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மழை என்று சொல்லிச் சமாளித்துக் கீழே இறங்கினார்.

"சரி, ஆம்பளைங்க எல்லாம் வரிசையா வாங்க!" என்றார் லோர்னா.

வரிசை நின்றது. பெரிய வரிசை. கன்னத்தை உப்பிக் காட்டுவதும் ஒருவர் வாயை ஒருவர் எட்டிப் பார்ப்பதுமாக ஒரே கலகலப்பு. நெவில் கடைசியில் போய் நின்றார். தமக்கு முன்னால் இத்தனை பேர் இருப்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் ஆள் பென்சில்வேனியாக்காரர், எச் போட்ட பர்ட்விசில், தடித்த மனிதர். மேஜை அருகே போனதும் வயிற்றைத் தடவினார். "அடடா, இப்பத்தான் ஒரு வெண்ணெய் பை சாப்பிட்டுட்டேங்க. வாய் சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்களே. அப்புறமா வர்றேன்."

அடுத்தவருக்குக் கட்டுப்பல். ஈறு புண்ணாக இருக்கிறதாம். அதற்கடுத்தவரை மனைவி கூப்பிட்டாளாம்; உண்மையில் யாரும் கூப்பிடவில்லை. காரில் விளக்கை அணைக்க மறந்ததாக ஒருவர் போனார். பர்ன்லியிலிருந்து வந்த அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ முதல்ல போ." "நீதானே பெரியவன், நீ போ." கடைசியில் இருவரும் தேநீர்ப் பக்கம் போனார்கள். சிரிப்பு குறைந்தது. வரிசை கரைந்தது. தூறல் கூடாரத்துணியில் விழும் சத்தம் கேட்டது.

நெவில் நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கும் மேஜைக்கும் நடுவில் யாருமே இல்லை.

எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவரைத்தான் பார்த்தார்கள். அந்தக் கண்களில் இருந்தது கேலியல்ல. கண்ணாடியில் தினமும் தாம் பார்க்கும் அதே பார்வை என்று அவருக்குத் தெரிந்தது. பயந்தவர்களைக் கண்டுபிடிப்பதில் அவர் தேர்ந்தவர். ஆனாலும் அவருடைய பயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. ஓடிவிடலாம் என்றால் கால் வரவில்லை.

"வாங்க நெவில். நீங்களாவது வாங்க" என்றார் லோர்னா. குரலில் தலைமையாசிரியை இல்லை.

டோரீன் எங்கேயோ பின்னால் நின்று, "வேணாம்னா விட்டுடு, நெவில்" என்றாள்.

நெவில் மேஜைக்குப் போனார். மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு பேசினார். சத்தமாகப் பேச வரவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"இதுல என்ன வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். உங்க யாரோடயும் சேராது. எங்க தாத்தாவோட தாத்தா இந்த ஓடைக்கரைல கெடந்த பிள்ளை. பெத்தவங்க யாருன்னு தெரியாது. ரெண்டு ஊரும் வேணாம்னு தள்ளிவிட்டப்போ ஒட்டுன பேருதான் எனக்கு வந்திருக்கு. இத்தனை வருஷமா சொல்லாம உங்களோட உக்காந்து சாப்பிட்டிருக்கேன். பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு. கை பாருங்க எப்படி ஆடுதுன்னு."

கையை நீட்டிக் காட்டினார். ஆடத்தான் ஆடியது.

பென்சில்வேனியாக்காரர் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். பர்ன்லி அண்ணன் தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

லோர்னா கையிலிருந்த பஞ்சுக்குச்சியின் உறையைப் பிரித்தபடியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கப்பாவும்..." என்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரல். "சாகறதுக்கு முன்னாடி என்னை வெளிய போகச் சொன்னார். தம்பியை மட்டும் உள்ள வெச்சுக்கிட்டார். என்ன சொன்னார்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டான். இந்தச் சோதனைன்னதும் மாட்டேன்னுட்டான். எனக்கு இப்பத்தான் புரியுது, நெவில். நான் எதைத் தோண்டிக்கிட்டிருக்கேன்?"

அவர் குச்சியை நீட்டினார். நெவிலின் வாய்வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. உள்ளே போகவும் மாட்டேன் என்றது, திரும்பவும் மாட்டேன் என்றது.

நெவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பிறகு தம் இரண்டு கைகளாலும் லோர்னாவின் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக உள்ளே கொண்டுபோனார்.